எறும்பு இறங்கிய ஊர்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்கலாமென்றால், தும்பைப்பாளையத்துக்கு எந்தக் காலத்திலும் ராஜா வாய்த்ததில்லை, அதற்கு வாய்த்ததெல்லாம் ஒரு பைபாஸ் ரோடுதான். ஆனால் ராஜா வந்து இறங்கினால் ஓர் ஊருக்கு என்னென்ன ஆகுமோ அத்தனையும் அந்த ரோடு வந்ததில் ஆயிற்று: சோளக்காடெல்லாம் சைட்டாகி மஞ்சள் கல் முளைத்தது, கிணறுகளை மூடி அதன் மேல் கல்யாண மண்டபம் எழும்பியது, மாடு கட்டிய இடத்தில் கார் நின்றது, மடை திருப்பப் போனவர்களும் களை வெட்டப் போனவர்களும் போவதற்கு ஓர் இடமில்லாமல் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க ஒரு காரணமும் வராததால் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் நாச்சிமுத்து. அவர் மனைவி கலாமணி. பைபாஸை ஒட்டியிருந்த அவர்களுடைய தோட்டத்தை ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் வாங்கி, முழுக்கக் கண்ணாடியாலேயே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். கிழக்கேயிருந்து பார்த்தால் வானத்தில் ஒரு துண்டை வெட்டி நட்டு வைத்ததுபோல இருக்கும். வெறுங்காலோடு வரப்பில் ஓடிய மனிதர் இப்போது கூப்பிடு தூரத்துப் பேக்கரிக்கு வெள்ளைக் காரில் போய், காரை விட்டு இறங்காமல், ஜீனி தூக்கலாக ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவார். காலையில் ஒரு தரம், வெயிலேற ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஏனுங்க இப்படி என்று கலாமணி கேட்டால், வேறு என்ன வேலை இருக்கிறது சொல் என்பார். அவர் பாதி தின்று கொண்டுவரும் பன்னை வீணாக்கக் கூடாதென்று அவளே தின்று முடிப்பாள்.

தை மாதத்தில் ஒரு நாள் காலையில் அவள் வாசல் தெளிக்க எழுந்தபோது கதவிடுக்கு வழியாக ஓர் எறும்பு வரிசை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அது சமையலறைக்குப் போகவில்லை, ஜீனி டப்பாவைச் சீந்தவில்லை, சாமி படத்தின் முன்னால் இருந்த பொங்கலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கூடத்தைக் கடந்து, நாச்சிமுத்து படுத்திருந்த கட்டிலேறி, அவருடைய உள்ளங்காலில் போய் முட்டி நின்றது. கடிக்கவில்லை. ரேஷன் கடை வாசலில் ஆட்கள் நிற்பதுபோல நின்றது. அவர் எழுந்து குளிக்கப் போனார், எறும்புகள் குளியலறை வாசலில் நின்றன. அவர் காரில் ஏறினார், எறும்புகள் காருக்குப் பின்னால் ரோட்டில் போயின. அவர் டீயைக் குடித்து முடித்த நேரத்துக்கு அவை பேக்கரிக்கு வந்து சேர்ந்தன.

அங்கே பார்த்தால் அவருக்கு மட்டுமில்லை. நிலத் தரகர் வெள்ளியங்கிரிக்குப் பின்னால் ஒரு வரிசை, பஞ்சு மில் முதலாளிக்கு ஒரு வரிசை, ரிட்டையரான ஹெட்மாஸ்டருக்கு ஒன்று. வரிசைகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று கலக்கவில்லை. எந்த எறும்புக்கும் தன் ஆள் யாரென்று தெரிந்திருந்தது. மழை வரப்போகிறது, அதுதான் எறும்பு ஊர்கிறது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். மழை வரவில்லை. எறும்புகள் போகவும் இல்லை.

அந்த வாரத்தில் ஊர் பலதும் செய்து பார்த்தது. மஞ்சள் தூள் தூவினார்கள், மண்ணெண்ணெய் தெளித்தார்கள், சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். வாசலில் ஒட்டு கோலம் ஒட்டிய பிறகு எறும்புக்கு ஒரு வாய் அரிசிமாவு கிடைக்காமல் போய்விட்டது, அந்தக் கோபம்தான் இது என்று சில பெண்கள் சொல்ல, கலாமணிகூட ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, கிரானைட் படியில் பச்சரிசி மாவால் புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். எறும்புகள் மாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயின.

காரணத்தைத் தேடி யாரும் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடத்தில் துணை சுகாதார நிலையம் ஒன்று இருந்தது; அதில் ரெஜினா என்ற நர்சம்மா இருந்தார். அவர் வீடு வீடாக வந்து, விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, குட்டி மிஷினில் வைத்துக் காட்டினார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிய ஆளைத் தேடித்தான் எறும்பு வருகிறது, மாத்திரை போடுங்கள், பேக்கரிக்கு நடந்து போங்கள், முடிந்தால் பேக்கரிக்கே போகாதீர்கள் என்று சொன்னார். நாச்சிமுத்துவின் பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு குண்டூசியின் முனையால் அங்கங்கே தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அவர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடி, எப்போது தொடப்போகிறீர்கள் என்று கேட்டார்.

நர்சம்மாவின் முகம் மாறிற்று. கலாமணியைத் தனியாக அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார்.

"அக்கா, எறும்பு வந்ததுக்கு நான் பயப்படலை. அத்தனை எறும்பு கால்ல நிக்குது, அவருக்குக் குறுகுறுன்னுகூட இல்லை பாருங்க, அதுக்குத்தான் பயப்படறேன். பாதத்துல நரம்பு செத்துட்டு வருது. முள்ளு குத்துனாலும் தெரியாது, நெருப்பு சுட்டாலும் தெரியாது. தினமும் நீங்கதான் அவரு காலைப் பாக்கணும்."

கலாமணி பார்ப்பதாகச் சொன்னாள். அந்த மாசியிலேயே தும்பைப்பாளையம் நகராட்சியானது. பட்டாசு வெடித்து, லட்டு கொடுத்து, மேடை போட்டுக் கொண்டாடினார்கள். கிராமம் இல்லாத ஊருக்குக் கிராமத்து நர்சு எதற்கு என்று ரெஜினாவை எங்கோ மலையடிவாரத்துக்கு மாற்றினார்கள், ஓட்டுக் கட்டடத்தில் வரி வசூல் மையம் வந்தது. போகும்போது நர்சம்மா கலாமணியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, காலைப் பாருங்கள் அக்கா என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஊருக்கு எறும்பு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, பிடித்தும் போயிற்று. எண்ணிப் பார்த்தால் எறும்பு வருகிற வீடெல்லாம் இடம் விற்ற வீடு, மாடி வைத்த வீடு, வேலைக்கு ஆள் வைத்த வீடு. எறும்பு வராத வீடுகளில் சைக்கிள் நின்றது. பெண் பார்க்க வருகிறவர்கள் செருப்பை விடும் சாக்கில் வாசலைக் கண்ணால் அளந்தார்கள். வரிசை நீளமாக, தடித்து வந்தால் இடம் பசையுள்ள இடம். எறும்பில்லாத ஒருவர் மகளின் நிச்சயதார்த்தத்தன்று வாசலிலிருந்து தன் கட்டில் வரைக்கும் வெல்லப்பாகு ஊற்றிவைத்து மாட்டிக்கொண்டார், அந்தச் சம்பந்தம் முறிந்தது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்காகக் கட்டிய வில்லாக்களில் மட்டும் எறும்பு பிடிக்காமல், சுற்றிலும் அகழி வெட்டித் தண்ணீர் விட்டார்கள். அதைப் பார்த்துக் கண்ணாடி ஆஸ்பத்திரியும் அகழி வெட்டியது. நடைபாலத்தின் மேலும் தண்ணீரை ஓடவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலக் கால் நனைத்துத்தான் உள்ளே போகவேண்டும் என்று வைத்தது. வெளியே, எறும்பு வந்தவர்களுக்குச் சிறப்பு முழு உடல் பரிசோதனை என்று பெரிய ஃப்ளெக்ஸ். கொஞ்ச நாளில் பின்னலாடை கம்பெனியில் பன்னும் டீயுமாக ரெண்டு ஷிப்ட் பார்க்கிற பெண்களுக்குப் பின்னாலும் எறும்பு வந்தது. அதை யாரும் கவுரவமென்று சொல்லவில்லை, சுத்தமில்லாதவர்கள் என்று சொன்னார்கள்.

பங்குனியில் மாகாளியம்மன் கோயில் குண்டம். விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் அதிகாலையில் நெருப்புக் குழியில் இறங்கி நடப்பார்கள். விரதத்தில் குறையிருந்தால் கால் சுடும், குறையில்லாவிட்டால் பூமேல் நடப்பதுபோல இருக்கும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. அதனால் சுட்டாலும் சுட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் கடந்து, அக்கரையில் பால் விட்ட குழியில் காலை நனைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

எறும்பு வந்த மறு வருஷம் தரகர் வெள்ளியங்கிரி இறங்கினார். இறங்கியவர் ஓடவில்லை. நடுக்குழியில் நின்று, அவிழ்ந்த வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, கடைவீதியில் நடப்பதுபோல நடந்து அக்கரை ஏறினார். அவருடைய எறும்புகள் குழியைச் சுற்றிக்கொண்டு வந்து அக்கரையில் அவரோடு சேர்ந்துகொண்டன. பூசாரி கண்ணீர் விட்டுச் சொன்னார், ஆத்தா யார் மேல் இறங்குகிறாளோ அவர் மேல் எறும்பை இறக்குகிறாள், இது புரியாமல் மண்ணெண்ணெய் தெளித்தோமே பாவிகளா என்று. அன்றிலிருந்து எறும்பை மிதிக்கிறவனை ஊர் அடித்தது. வெள்ளியங்கிரி மட்டும் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார், அங்கேயும் இடம் வாங்கி விற்கிறார், ரொம்ப பிசி என்று அவர் மனைவி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் கதவை முழுசாகத் திறக்காமல் சொன்னாள்.

அடுத்த பங்குனிக்கு நாச்சிமுத்து காப்புக் கட்டப்போவதாகச் சொன்னார். கலாமணி நர்சம்மா சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னாள், குண்டூசியை எடுத்துவந்து நீங்களே குத்திப் பாருங்கள் என்றாள், மஞ்சள் துணி கட்டுவதானால் என்னைத் தாண்டிக் கட்டுங்கள் என்றுகூடச் சொன்னாள். அவர் கோபப்பட்டிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அவர் கோபப்படவில்லை.

"அம்மிணி, தோட்டம் போனதுக்கப்பறம் என்னைய எவனும் எதுக்கும் கூப்புடலே. மடை திருப்ப வாடான்னு கூப்புடலே, மாடு புடிக்க வாடான்னு கூப்புடலே. டீ சாப்புட மட்டுந்தான் கூப்புடறானுங்க. இப்ப ஆத்தா கூப்புடறா. போவேண்டாங்கறயா?"

கலாமணி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மஞ்சள் துணியை நனைத்துக் கொடுத்தாள்.

குண்டத்தன்று ஊரே கோயிலில் இருந்தது. பூசாரி பூப்பந்தை நெருப்பில் உருட்டிவிட்டு முதலில் இறங்க, பின்னால் எறும்பு வந்தவர்கள் வேப்பிலைக் கொத்தோடு வரிசையாக நின்றார்கள். எறும்பில்லாதவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பறை முழங்கிற்று. நாச்சிமுத்து இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் எதுவரைக்கும் போயிருக்கிறதென்று பார்த்துக்கொண்டே நடப்பாரே அந்த நடையில், நிதானமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பத்து வருஷமாகக் கலாமணி பார்க்காத நடை. அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பியது, சூப் வைக்க ஆட்டுக்காலை அடுப்பில் வாட்டும்போது வருமே, அந்த வாசம் வந்தது. பக்கத்தில் நின்றவளும் மூக்கைச் சுருக்கினாள். சுருக்கிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து சாக்ஸ் போட்டுக்கொண்டார். காலைக் காட்டுங்கள் என்றாள், ஒன்றுமில்லை என்றார். ஆனால் அதுவரைக்கும் உள்ளங்காலில் ஒரே வரிசையாக நின்ற எறும்புகள் இப்போது வலது சாக்ஸின் முன்பக்கத்தில் கறுப்பாக மொய்த்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, பால் சட்டிக்கு எறும்பு வராமல் நீ செய்வாயே அதுமாதிரி செய் என்றார். கலாமணி நாலு கிண்ணம் எடுத்துக் கட்டில் கால்களின் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

ஏன் ஊற்றினாள் என்று கேட்டால், ஊர் கேட்கும் கேள்வி அவளுக்குத் தெரியும். நாச்சிமுத்துவுக்குக் கால் வெந்துபோயிற்று என்று வெளியே தெரிந்தால், அவர் விரதத்தில் என்ன குறை என்று கேட்பார்கள். அவரிடம் குறை கிடைக்காவிட்டால், வீட்டுக்காரியின் சுத்தத்தில் என்ன குறை என்று கேட்பார்கள். ஆத்தா கூப்பிட்டாள் என்று நம்பிய மனிதரிடம் ஆத்தா கூப்பிடவில்லை என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் தினமும் காலையில் கிண்ணங்களுக்குத் தண்ணீர் மாற்றினாள். மாற்றும்போது கட்டிலைச் சுற்றி எறும்புகள் வட்டமாக நிற்கும். எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து, சில தண்ணீரில் விழுந்து மிதக்கும். நர்சம்மாவைப் போலவே அவையும் ஒன்றையேதான் சொல்கின்றன என்று அவளுக்குத் தோன்றும். காதில் விழாததுபோல அவள் தண்ணீரைக் கொண்டுபோய் முருங்கையடியில் கொட்டுவாள். ஊரில் அந்த வாரம் கிண்ணம் விற்காத பாத்திரக்கடை இல்லை.

அப்புறம் ஒரு நாள் வாசம் வந்தது, கட்டிலைச் சுற்றி நின்ற எறும்புகள் வீட்டுச் சுவரெல்லாம் ஏறி நின்றன. அவள் கத்தரிக்கோலால் சாக்ஸை வெட்டினாள். உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, காரை எடுக்க ஆள் கூப்பிட்டாள்.

கண்ணாடி ஆஸ்பத்திரியில் அவரைக் கால் நனைக்காமல் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள், எறும்புகள் அகழிக்கு வெளியே நின்றுகொண்டன. அங்கே ஏற்கெனவே டாஸ்மாக் கடை திறப்பதற்கு முன்னால் நிற்கிற கூட்டம்போல வரிசை வரிசையாக எறும்புகள் நின்றன. டாக்டர் சின்னப் பையன்தான், நல்ல மாதிரி. வலிக்க ஆரம்பித்தபோதே வந்திருக்கலாமே அம்மா என்றார். வலிக்கலீங்க என்றாள் கலாமணி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். ஆபரேஷன் நடக்கிற மாடி எது என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டு, திசையை நிதானித்துப் பார்த்தாள். அதற்கு நேர் கீழேதான் அவர்களுடைய கிணறு இருந்தது. அவர் அந்தக் காலால் படியிறங்கித்தான் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றுவார். அவளுக்கு நாக்கு வறண்டது. மிஷினில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், மறுபடியும் வறண்டது, மறுபடியும் குடித்தாள்.

வார்டில் வெள்ளியங்கிரி சக்கர நாற்காலியில் இருந்தார். பெங்களூருக்கெல்லாம் அவர் போகவே இல்லை, ஒரு கால் போனதை மறைத்து வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். இப்போது மற்றதில் புண். சுற்றிலும் இருந்த கட்டில்களில் எல்லாம் இந்த வருஷம் குண்டம் இறங்கியவர்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் படுத்திருந்தவர்கள், நாச்சிமுத்துவுக்கு மயக்கம் தெளிந்த அன்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"மாப்ள, உனக்கு எந்தக் கால்?" என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

"வலது."

"எனக்கு இடது போயிருச்சு. ரெண்டு பேருக்குஞ் சேத்து ஒரு சோடி செருப்பு வாங்குனாப் போதும் போ."

வார்டு முழுக்கச் சிரித்தது. யாருடைய விரதத்தில் குறை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சிரித்து முடித்ததும் நாச்சிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பியபடியே கலாமணியிடம் கேட்டார்:

"ஆத்தா என்னையக் கூப்புட்டா இல்ல அம்மிணி?"

"கூப்புட்டாங்க," என்றாள் கலாமணி.

வெட்டிய காலைத் துணியில் சுற்றி, அதன் மேல் பச்சை பாலிதீன் போட்டுக் கொடுத்தார்கள். நாங்களே அப்புறப்படுத்திவிடுவோம், உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துப்போகலாம் என்றார்கள். அவளுக்கு அதை மண்ணில் வைக்கவேண்டும்போல் இருந்தது. கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு நடைபாலத்தைக் கடந்ததும், அகழிக்கு வெளியே நின்ற வரிசைகளில் ஒன்று அவளோடு கிளம்பிற்று. முருங்கையடியில் வைக்கலாமென்று வீட்டுக்குப் போனாள், அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மரத்தைக் கார் திருப்பத் தோதில்லையென்று பக்கத்து வீட்டுக்காரர் வெட்டி, சிமெண்ட் போட்டிருந்தார். தெருவெல்லாம் சிமெண்ட் கல். மயானத்தில் நகராட்சி எரிவாயு அடுப்பு வைத்திருந்தது. அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, முழு ஆளாக வந்தால்தான் அம்மா போட முடியும் என்று தயங்கிச் சொன்னார். ஊரைச் சுற்றிச் சுற்றி வந்ததில், ஒரு கால் நீளத்துக்கு மண் இருந்த ஒரே இடம், அகழிக்கு வெளியே ஆஸ்பத்திரியின் பார்க்கிங்குக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த பூச்செடிப் பாத்திதான். அவளுடைய தோட்டத்து மண்தான் அது. கையால் அள்ளியபோதே தெரிந்தது.

அங்கே குப்பை கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலை பச்சை பாலிதீனைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, சூப்பர்வைசர் டீக்குப் போயிருக்காரு, சீக்கிரம் அக்கா என்று சொல்லித் தன் மண்வெட்டியைக் கொடுத்தாள். கலாமணி தோண்டினாள். அரளிச் செடியின் வேரை அறுக்காமல் ஒதுக்கித் தோண்டினாள். துணியோடு காலை வைத்து, விரல்களிருந்த பக்கத்தைக் கிணறு இருந்த திசைக்குத் திருப்பிவைத்து மூடினாள். அப்புறம் வீட்டிலிருந்து முந்தியில் முடிந்துகொண்டு வந்திருந்த அரிசிமாவை அவிழ்த்து, மேட்டின் மேல் சின்னதாகப் புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். வரிசையாக வந்துசேர்ந்த எறும்புகள் கோலத்தைச் சுற்றிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கின. ஒன்றுகூட மாவைத் தொடவில்லை.

தூரத்தில் சூப்பர்வைசரின் விசில் கேட்டது. அஞ்சலை மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பியவள், நாலு எட்டு வைத்துவிட்டு நின்றாள். கலாமணியின் காலடியைப் பார்த்தாள். எல்லா எறும்பும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்க, நூல் மாதிரி ஒரு வரிசை மட்டும் பிரிந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அக்கா, உங்களுக்குப் பின்னாடி—"

"தெரியும் அம்மிணி. இன்னிக்கி நேத்தா," என்றாள் கலாமணி. "நீ போ, திட்டப்போறாரு."

அஞ்சலை போனாள். கலாமணி கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள். குனிந்து, தன் உள்ளங்காலை ஒரு தரம் நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். இன்னொரு தரம், இன்னும் அழுத்திக் கிள்ளினாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.